பதிவுப் பட்டியலையும் பணப் பட்டியலையும் சேர்க்க எந்தக் கட்டளை நல்லது?

ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ் மொழி விழா நடக்கும்போது எங்கள் குழு சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் போட்டி வைக்கும். மேடை, ஒலிபெருக்கி, பரிசு எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், பட்டியல் என் பொறுப்பு. இணையப் படிவத்திலிருந்து ஒரு கோப்பு வரும்: பதிவு எண், பெயர், வகுப்பு, முகவரி. வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்று: பேநவ் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக எத்தனை வெள்ளி வந்தது, அனுப்பியவர் குறிப்பில் என்ன பதிவு எண் போட்டார் என்று. இந்த இரண்டையும் சேர்த்து, வகுப்புவாரியாக அடுக்கி, நுழைவு மேசைக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். இதற்கு ஷெல்லில், அதாவது கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் இடத்தில், குறைந்தது நான்கு வழி இருக்கிறது, ஐந்தாவதாக எக்செல் இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டு ஆண்டுக்கு இரண்டு பேராவது எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

முதல் ஆண்டு நான் எடுத்தது வரிகளை அடுக்கும் சார்ட், ஒரே எண் உள்ள வரிகளை இணைக்கும் ஜாயின் என்ற ஜோடி. இரண்டே வரிக் கட்டளை, ஒரு நொடியில் முடிந்தது, தாளும் அழகாக வந்தது. போட்டியன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு பாட்டி பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை முன்னால் நின்றார். பட்டுப்பாவாடை, தலையில் பூ, கையில் அட்டையில் வெட்டிய காகம். "தம்பி, பேரு இல்லைன்னு சொல்றாங்க, நாங்க அன்னிக்கே காசு அனுப்பிட்டோமே" என்று கைப்பேசியைத் திறந்து காட்டினார். அனுப்பித்தான் இருந்தார். குறிப்பில் 18 என்று போட்டிருந்தார், எங்கள் கோப்பில் அவள் எண் 018. ஜாயினைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு சொல். பொருந்தாத வரியை அது தானாக வெளியே எழுதாது, "ஒன்று விட்டுப்போச்சு" என்று சொல்லவும் சொல்லாது. அன்று மூன்று பிள்ளைகள் இப்படி விடுபட்டார்கள். பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொண்டோம், மூவரும் மேடை ஏறினார்கள், ஆனால் அந்தக் குழந்தை கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கருவியைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: பொருந்தாத வரி எங்கே போகிறது? வேகம், சுருக்கம், அழகு எல்லாம் அதற்கு அப்புறம்.

கருவிக்கு முன்னால் இன்னொன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், எதை வைத்து இரண்டு கோப்பையும் இணைப்பது என்று. அடையாள அட்டை எண் இருந்தால் வேலை சுலபம்தான், ஆனால் சட்டம் கேட்டாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய கட்டாயம் இருந்தாலோ தவிர, அமைப்புகள் அதை வாங்கக்கூடாது என்று தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கதை சொல்லும் போட்டிக்கு அது எதற்கு? பெயரை வைத்து இணைக்கலாமா என்றால் அதுவும் ஆகாது. ஒரே பிள்ளையின் பெயரைப் படிவத்தில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்) போட்டு எழுதுவார்கள், வங்கியில் அப்பா பெயர் வரும், இன்னொரு இடத்தில் அம்மா பெயர் வரும். எனவே நாமே ஒரு பதிவு எண் கொடுத்து, அதைப் பணம் அனுப்பும்போது குறிப்பில் போடச் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. மனிதர்கள் கையால் தட்டும் எண் என்பதால் பிழை வரும், வந்தே தீரும். அந்தப் பிழையை எந்தக் கட்டளை மறைக்கிறது, எது காட்டுகிறது என்பதுதான் இனி.

பேஸ்ட் என்று பெயரைப் பார்த்துவிட்டு அதை எடுப்பவர்கள் நிறைய. இப்படி இரண்டு கோப்பு இருக்கிறது என்று வையுங்கள்.

017,கவின்,தொடக்கநிலை 3
018,நிலா,தொடக்கநிலை 1

018,15.00
017,10.00

பேஸ்ட் முதல் வரிக்குப் பக்கத்தில் முதல் வரியை ஒட்டும், இரண்டாவதற்குப் பக்கத்தில் இரண்டாவதை ஒட்டும், எண்ணைப் பார்க்கவே பார்க்காது. நிலா கட்டிய 15 வெள்ளி கவினுக்குப் போய்விடும், வெளியே வரும் கோப்பு பார்ப்பதற்கு முழுமையாக, சரியாகவே இருக்கும். இணைப்பு வேலைக்கு இதைத் தொடாதீர்கள்.

ஆனால் பேஸ்டுக்கு வேறொரு நல்ல பயன் உண்டு, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. வாட்ஸ்அப்பில் பெயர் கொடுப்பவர்கள் பெயரை ஒரு வரியிலும் வகுப்பை அடுத்த வரியிலும் பள்ளியை மூன்றாவது வரியிலும் தட்டி அனுப்புவார்கள். பேஸ்டுக்குக் கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சிறு கோடுகளை இடம்விட்டுப் போட்டால், வரும் வரிகளை மும்மூன்றாக எடுத்து ஒரே வரியில் வைத்துவிடும். ஒருவர் பள்ளியை எழுத மறந்திருந்தால் மட்டும் அவருக்குக் கீழே உள்ள எல்லாரும் ஒரு இடம் நகர்ந்துபோவார்கள். ஒவ்வொருவருக்கும் நடுவே ஒரு வெற்று வரி இருந்தால் கோப்பை வரிவரியாகப் படித்து நாம் சொன்னதைச் செய்யும் ஆக் என்ற கட்டளையில், ஆர்எஸ் என்ற மாறியைக் காலியாக வைத்துப் படிக்கலாம், அப்போது வெற்று வரிவரை ஒரு ஆள் என்று அது எடுத்துக்கொள்ளும், ஒருவர் ஒரு வரியை விட்டாலும் அடுத்தவர் பத்திரமாக இருப்பார். நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

நெடுவரிசைகளை இடம் மாற்ற கட் கட்டளையை எடுப்பவர்களும் ஒரு முறையாவது ஏமாந்திருப்பார்கள். மூன்று, ஒன்று என்று கேட்டாலும் அது ஒன்று, மூன்று என்றுதான் தரும். கோப்பில் இருக்கும் வரிசையில்தான் வெட்டும், நீங்கள் கேட்ட வரிசையில் வெட்டாது. தேவையில்லாததைத் தூக்கிப் போட மட்டும் கட், இடம் மாற்ற ஆக்.

சரி, ஜாயினுக்கு வருவோம். என்னை ஒருமுறை கவிழ்த்தது என்பதற்காக அதைத் தள்ளிவைக்க மாட்டேன். மைனஸ் ஏ 1 என்று சேர்த்தால் முதல் கோப்பில் பொருந்தாத வரிகளையும் எழுதும், மைனஸ் வி 1 என்றால் பொருந்தாதவற்றை மட்டும் எழுதும். அன்று இந்த இரண்டாவது கட்டளையை ஒரு தடவை ஓட்டியிருந்தால் மூன்று பெயரும் முந்தைய நாளே கையில் இருந்திருக்கும். இதன் கண்டிப்பு வேறிடத்தில் இருக்கிறது: இரண்டு கோப்பும் இணைக்கும் எண்ணின்படி முன்கூட்டியே அடுக்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் எழுத்து வரிசையில். எண்தானே என்று சார்டில் மைனஸ் என் போட்டு எண் வரிசையில் அடுக்கினால், 9க்குப் பிறகு 10 வரும், ஜாயின் எதிர்பார்ப்பதோ 10க்குப் பிறகு 9. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜிஎன்யு ஜாயின், கோப்பு அடுக்கப்படவில்லை என்று ஒரு செய்தி போடும், உண்மைதான், ஆனால் அது பிழைச் செய்திகள் போகும் வழியில் போகும். ஸ்கிரிப்ட் இரவில் தானாக ஓடினால் அதை யார் பார்ப்பது? இன்னொன்று, சார்டும் ஜாயினும் ஒரே மொழி அமைப்பில் ஓட வேண்டும், ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே எல்சி ஆல் என்ற மாறியை சி என்று (வெறும் பைட் வரிசை) வைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. பெரிய கோப்புக்கு இந்த ஜோடி தங்கம். சார்ட் நினைவகத்தில் இடம் போதாவிட்டால் வட்டில் தற்காலிகக் கோப்புகளாகப் பிரித்து அடுக்கிச் சேர்த்துக்கொள்ளும், ஜாயின் இரண்டு பக்கமும் வரிவரியாக நகரும், கணினியின் நினைவகத்தைவிடப் பெரிய கோப்பாக இருந்தாலும் மூச்சுத் திணறாது. நானூறு பிள்ளைகள் பட்டியலுக்கு அந்த வலிமை தேவையே இல்லை.

ஒரு எண் இரண்டு முறை வந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஒரு வீட்டில் முதலில் 10 வெள்ளி, நினைவு வந்து அப்புறம் 5 வெள்ளி அனுப்பினால், ஜாயின் அந்தப் பிள்ளையை இரண்டு வரியாக எழுதும். அச்சடித்த தாளில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் நிற்கும், நடுவர்கள் அழைக்கும்போது குழப்பம்.

இங்கேதான் எனக்கு ஆக் பிடித்துப்போனது. 1977இல் பெல் ஆய்வகத்தில் ஏஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் எழுதியது, மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் அந்தப் பெயர் வந்தது. லினக்ஸ், மேக் எதைத் திறந்தாலும் ஏதோ ஒரு ஆக் இருக்கும், விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொண்டால் போதும். இரண்டு கோப்பை இணைக்க அதில் எல்லாரும் எழுதும் ஒரு வழக்கம் உண்டு. என்ஆர் என்பது மொத்தத்தில் எத்தனையாவது வரி, எஃப்என்ஆர் என்பது இந்தக் கோப்பில் எத்தனையாவது வரி. இரண்டும் சமமாக இருக்கும்வரை முதல் கோப்பில் இருக்கிறோம் என்று அர்த்தம், அதை ஒரு அட்டவணையாக நினைவில் வைத்துக்கொள், சமம் இல்லாமல் போனதும் இரண்டாவது கோப்பு வந்துவிட்டது, ஒவ்வொரு வரிக்கும் அட்டவணையில் தேடு. எதையும் முன்னதாக அடுக்க வேண்டாம், இரண்டாவது கோப்பு எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் விடை வரும்.

நான் பணக் கோப்பை முதலில் கொடுப்பேன். அட்டவணையில் தொகையை வெறும் சமக்குறியால் வைத்தால் பிந்தையது முந்தையதை அழித்துவிடும், 10 போய் 5 மட்டும் நிற்கும். சமக்குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் இரண்டும் சேர்ந்து 15 ஆகிவிடும். ஒரே ஒரு குறிதான் வித்தியாசம், இதற்காகவே நான் ஆக்கை விடுவதில்லை. 018, 18 தொல்லைக்கும் மருந்து இருக்கிறது: எண்ணோடு பூஜ்ஜியத்தைக் கூட்டினால் இரண்டுமே 18 ஆகும். "018 கவின்" என்று யாராவது குறிப்பில் எழுதியிருந்தாலும் முன்னால் இருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். "கவின் 018" என்று எழுதியிருந்தால் மட்டும் பூஜ்ஜியம் ஆகும், அப்படி வருபவை எல்லாம் பூஜ்ஜியம் என்ற எண்ணில் குவியும், அது கண்ணில் பட்டால் வங்கிக் கோப்பைத் திறந்து கையால் பார்ப்பேன்.

பிறகு பதிவுக் கோப்பைப் படிக்கும்போது, அட்டவணையில் இருந்தால் தொகையோடு எழுது, இல்லாவிட்டால் "கட்டவில்லை" என்று எழுது, எப்படியானாலும் பெயரை விடாதே. பொருந்திய எண்ணை அட்டவணையிலிருந்து நீக்கிக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சுவது ஆள் இல்லாத பணம். அதை, எல்லா வரியும் முடிந்தபின் ஓடும் எண்ட் பகுதியில் தனிக் கோப்பில் எழுதிவிடலாம். பதினைந்து வரிக்குள் முடிகிற ஸ்கிரிப்ட், இரண்டு பக்கமும் விடுபட்டவர்கள் கண்முன்னே நிற்பார்கள்.

ஆக்கின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதல் கோப்பு காலியாக இருந்தால், அதாவது வங்கிக் கோப்பை இறக்க மறந்து வெற்றுக் கோப்பைக் கொடுத்துவிட்டால், அந்த என்ஆர் வழக்கம் இரண்டாவது கோப்பையே முதல் கோப்பு என்று நினைத்துக்கொள்ளும், விடையில் ஒரு பெயரும் வராது. வரி எண்ணை விட்டுவிட்டுக் கோப்பின் பெயரை ஒப்பிட்டால் இது வராது. அடுத்தது முகவரி. "புளோக் 214, 8வது மாடி" என்று மேற்கோளுக்குள் காற்புள்ளி இருந்தால், காற்புள்ளியில் பிரிக்கும் ஆக் முகவரியை இரண்டாக உடைத்து அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் ஒரு இடம் தள்ளிவிடும். கெர்னிகனின் ஆக்கிலும் ஜிஎன்யு ஆக் 5.3 பதிப்பிலும் 2023இல் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்புகளுக்கென்றே ஒரு சுவிட்ச் வந்துவிட்டது, ஆனால் உபுண்டுவில் தானாக இருக்கும் மாக் என்ற ஆக் வகையில் அதை எதிர்பார்க்க வேண்டாம். முகவரி தேவையில்லை என்றால் படிவத்திலேயே கேட்காமல் இருப்பது இன்னும் நல்லது, பிள்ளைகளின் விவரம் எவ்வளவு குறைவாக நம்மிடம் இருக்கிறதோ அவ்வளவுக்கு நிம்மதி.

வரிவரியாகப் படிக்கும் ஒயில் ரீட் சுழலை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் சொல் தேடும் கிரெப் கட்டளையை ஒரு முறை ஓட்டுவது தொடக்கத்தில் எல்லாருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி. வேண்டாம். நானூறு பேருக்கு நானூறு முறை கிரெப்பைத் தொடங்கி நானூறு முறை முழுக் கோப்பையும் படிக்கிறோம், 18 என்று தேடினால் 118, 180 எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். பாஷ் என்ற ஷெல்லில் கணக்குப் போட்டு முன்பூஜ்ஜியத்தை நீக்கலாம் என்று போனால் இன்னும் மோசம், பூஜ்ஜியத்தில் தொடங்குவதை அது எட்டை அடிமானமாகக் கொண்ட எண் என்று எடுத்துக்கொள்ளும். 018 என்றால் பிழை என்று நிற்கும், அதுகூடப் பரவாயில்லை, 010 என்றால் சத்தமில்லாமல் 8 ஆக்கிவிடும்.

எக்செல் பற்றிக் கேட்பவர்களுக்கு: பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், இணைப்பதற்கு வேண்டாம் என்பேன். சிஎஸ்வியை இரண்டு முறை சொடுக்கித் திறந்தாலே முன்பூஜ்ஜியங்கள் போய்விடும். இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை, ராஃபிள்ஸ் பிளேஸ், மரினா பே பக்கத்து ஆறு இலக்க அஞ்சல் குறியீடுகள் பூஜ்ஜியத்தில்தான் தொடங்குகின்றன. எண்ணைத் தேடி எடுக்கும் வீலுக்கப் சூத்திரத்தில் கடைசிப் பகுதியை எழுதாமல் விட்டால் சரியாகப் பொருந்தாவிட்டாலும் பக்கத்தில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். வரி விடுபடுவது எவ்வளவு பெரிய இடத்திலும் நடக்கும் என்பதற்கு 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததே போதும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான், அதற்கு மேல் வந்தவை விழுந்துபோய், கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் உரிய நேரத்தில் அறிக்கையில் சேராமல் போனது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தை நான் மூன்றாவது கோப்பு வரும்போது எடுக்கிறேன். போன ஆண்டு டி-சட்டை அளவு தனியாக ஒரு பட்டியலில் வந்தது, ஆக்கில் மூன்று அட்டவணை வைத்து எழுதப் பார்த்தேன், எழுதிய எனக்கே இரண்டு நாள் கழித்துப் புரியவில்லை. எஸ்கியூலைட்டில் ஒவ்வொரு சிஎஸ்வியையும் ஒரு அட்டவணையாக இறக்குமதி செய்து, முதல் அட்டவணையின் வரி எதையும் விடாத லெஃப்ட் ஜாயின் போட்டால் முடிந்தது. மேற்கோளுக்குள் இருக்கும் காற்புள்ளி அதற்குப் பழக்கம், அட்டவணையின் நெடுவரிசைகளை எழுத்து வகை என்று வைத்துவிட்டால் 018 அப்படியே 018 ஆக இருக்கும், முழு எண்ணாக மாற்றுவது நம் கையில். இரண்டு பக்கமும் பொருந்தாதவை வேண்டுமென்றால் 2022இல் வந்த 3.39 பதிப்பிலிருந்து ஃபுல் அவுட்டர் ஜாயினும் இருக்கிறது. தரவுத்தளம் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் ஒரே கோப்பு, சர்வர் கிடையாது, போட்டி முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடலாம். பைத்தானில் பாண்டாஸ் தெரிந்தவர்கள் அதையே எடுக்கலாம், எல்லா நெடுவரிசையையும் எழுத்தாகப் படி என்று சொல்ல மறந்தால் அதுவும் 018ஐ 18 ஆக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எந்தக் கருவியானாலும் இரண்டு அழுக்கை முதலில் கழுவ வேண்டும். விண்டோஸில் சேமித்த கோப்பில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். இணைக்கும் எண் கடைசி நெடுவரிசையில் இருந்தால் ஒன்றுகூடப் பொருந்தாது, திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மணிக்கணக்காக முழிக்க வைக்கும். டிஆர் கட்டளையால் அதை நீக்கிவிடலாம். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் எக்செல் சிஎஸ்வியாகச் சேமித்தால் கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்று ஒட்டிக்கொள்ளும், முதல் வரியின் முதல் நெடுவரிசை மட்டும் பொருந்தாமல் அடம்பிடித்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் இருக்கும் கோப்புக்குத் தனியாகவே கவனம் வேண்டும், இதை ஆங்கிலத்தில் எழுதிய எந்தப் பாடமும் நமக்குச் சொல்லித் தராது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். "தமிழ்" என்ற சொல்லில் குறியீடு ஐந்து, பைட் பதினைந்து, நம் கண்ணுக்கு எழுத்து மூன்று. ஜிஎன்யு ஆக் யூடிஎஃப்-8 அமைப்பில் நீளம் 5 என்று சொல்லும், மாக் 15 என்று சொல்லும், இதை நம்பி நெடுவரிசைகளை நேராக நிறுத்தப் பார்த்தால் தாள் கோணலாகத்தான் வரும், டேப் வைத்துப் பிரித்துவிடுங்கள். ஒகர உயிர்மெய்யைச் சிலருடைய விசைப்பலகை ஒரே குறியாகவும் சிலருடையது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கும், "பொன்னி" இரண்டு கோப்பிலும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பைட் வேறு, பொருந்தாது. பெயரை வைத்து இணைக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அடுக்கும்போதும் பாருங்கள், எல்சி ஆலை சி என்று வைத்தால் யூனிகோடு வரிசையில் வரும், அதில் ன என்பது ந-வுக்கு அடுத்து நிற்கிறது, அகராதியில் அது கடைசி. இணைப்பதற்கு அந்த வரிசை போதும், மேசையில் வைக்கும் தாளில் ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் பதிவு எண் வரிசையே வைத்துவிடுகிறேன், வருகிறவர்கள் எண்ணைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

ஆக, இரண்டு கோப்பு என்றால் ஆக், மூன்றாவது வந்தால் எஸ்கியூலைட், கோப்பு பல ஜிகாபைட் என்றால் சார்டும் ஜாயினும், அப்போதும் மைனஸ் வி இல்லாமல் இல்லை. உங்களுக்கு எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழி ஏற்கெனவே கைவந்தது என்றால் இரண்டு கோப்புக்கும் அதையே எடுங்கள், நான் தடுக்க மாட்டேன். எதை எடுத்தாலும் பதிவுக் கோப்பில் எத்தனை வரி, விடையில் எத்தனை வரி என்று, வரிகளை எண்ணும் டபிள்யூசி போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அச்சுப்பொறியைத் தொடாதீர்கள்.

இந்த ஏப்ரலில் 412 உள்ளே போனது, 412 வெளியே வந்தது, ஒன்பது பேருக்கு "கட்டவில்லை", ஆள் இல்லாத பணத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் 121 என்ற எண்ணுக்கு எதிரே மட்டும் 15க்குப் பதில் 30 வெள்ளி நின்றது. வெள்ளிக்கிழமை இரவு அந்த அம்மாவை அழைத்தேன். "அக்கா, ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேர்த்து அனுப்பினீங்களா?" என்று கேட்டேன். "ஆமா தம்பி, சின்னவ நம்பரைப் போட மறந்துட்டேன், அவ பேரு லிஸ்ட்ல இருக்குல்ல?" என்றார். 122க்கு எதிரே இருந்த "கட்டவில்லை"யை எடுத்துவிட்டு 15 என்று எழுதினேன், "இருக்கு அக்கா, காலையில ஒன்பது மணிக்கு வந்துடுங்க" என்றேன்.